பதினான்கு கோடுகள்

சைக்கிளில் சீட்டின் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. வாங்க வருகிறவர்கள் பெல்லை அடித்துப் பார்க்கிறார்கள், டைனமோவைச் சுழற்றிப் பார்க்கிறார்கள், கேரியரில் பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். சீட்டை மட்டும் கடைக்காரர் வைத்த உயரத்திலேயே விட்டு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மதுரையில் பாதிப் பேர் தவறான உயரத்தில்தான் ஓட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. எண்ணிப் பார்த்ததில்லை. பாதி என்பது கூடுதலாகவும் இருக்கலாம்.

போன சனிக்கிழமை கீழக்குயில்குடியில் செல்லத்தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் என் நண்பன் முத்திருளனின் தங்கை. எட்டு மாதமாக அவன் ஏறாமல் கிடந்த சைக்கிளை விற்பதற்காக, சீட்டைக் கம்பியோடு உருவி எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹாலாஸ்யம் அண்ணே, கம்பியில வரிசையா பதினாலு கோடு கெடக்கே, எதுக்கு?"

அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். யோசிக்காமல் பதில் சொல்வது என் வழக்கம் அல்ல.

பகலில் நான் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கடையில் பில் எழுதுகிறேன். மாலையில் பி.காம். வகுப்பு. முத்திருளனும் அதே வகுப்புதான். ஆறடி உயரம். தினமும் கீழக்குயில்குடியிலிருந்து சைக்கிளில் வந்து போவான். எனக்குச் சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவன் நம்பினான். அதில் தவறில்லை, ஓரளவு தெரியும்.

போன வருடம் டெல்லியில் ஏஷியாட் விளையாட்டு நடந்தது. மார்ச் மாதம் ஒரு நாள், ஆசிரியர் வருவதற்கு முன், மதுரையிலிருந்து டெல்லிக்குச் சைக்கிளில் போக என்னென்ன பாகங்கள் தேவைப்படும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தேவைப்படும் என்றுதான் எழுதினேன். போகிறேன் என்று எழுதவில்லை. முத்திருளன் எழுந்து, "நானும் வாரேன் மாப்ள" என்றான். வகுப்பே கைதட்டியது. கைதட்டிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தி விளக்கம் சொல்வது நாகரிகமாக எனக்குப் படவில்லை.

அடுத்த இரண்டு மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். இரண்டு வண்டிகளையும் பிரித்துப் பூட்டினேன். சுமை பின்னால் ஏறும் என்பதால் பின் சக்கரத்துக்குக் கனத்த ஸ்போக்ஸ் தேடிப் பிடித்தேன். பின் சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரமான ஃபிரீவீல் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம்.

"பதினாறு பல்லு போடு மாப்ள. வண்டி பறக்கும்ல?"

"சுமையோட மேடு ஏறுறச்சே முட்டி போயிடும்டா. இருபதுதான்."

"எம்புட்டு அக்கறைடா ஒனக்கு, என் முட்டி மேல" என்று சிரித்தான். இருபதுதான் போட்டேன்.

சீட்டையும் முறைப்படி வைத்தேன். ஏறி உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அவனுக்கு நீண்டது. அளவை டைரியில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் முத்திருளன் புறப்படும் தேதியை முடிவு செய்தான். காந்தி ஜெயந்தி. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எனக்குப் பிடித்தது பாகங்களைத் தேர்ந்தெடுப்பதும் பூட்டுவதும். அதன் மேல் உட்கார்ந்து இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் போவது வேறு விஷயம். திண்டுக்கல்லுக்கே நான் ரயிலில்தான் போயிருக்கிறேன். ஆக, இருவரில் ஒருவர் 'வரவில்லை' என்று சொல்லியாக வேண்டும். அதை அவன் சொல்வதே பொருத்தம் என்று தோன்றியது. அவனுக்குத் தைரியம் அதிகம்.

பிரேக் கட்டைகளை நான் தொடவில்லை. இதைக் குறிப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன். மனிதனுக்கு அடிபடும்படி எதையும் செய்கிற ஆள் நான் அல்ல.

சனிக்கிழமைதோறும் அவன் வீட்டுக்குப் போய் வண்டியைச் சரிபார்ப்பது வழக்கம். ஜூன் பத்தொன்பதாம் தேதி, சீட்டுக் கம்பி சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் அரத்தின் முனையால் ஒரு கோடு கீறி, கம்பியை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன். ஒரு நெல்லின் கனம். கோடு உள்ளே போய்விட்டது. அடுத்த வாரம் இன்னொரு கோடு, இன்னொரு நெல். கோடு இல்லாமலே இறக்கியிருக்கலாம். ஆனால் அளவு தெரியாமல் ஒரு வேலையைச் செய்ய என்னால் முடியாது.

சீட்டு தாழ்ந்தால் கால் முழுதும் நீளாது. ஒவ்வொரு மிதிக்கும் முட்டிதான் பாரம் தாங்கும். போக வர இருபது கிலோமீட்டர், தினமும்.

ஏழாவது வாரம் செல்லத்தாய் வாசலில் நின்று சிரித்தாள். "அண்ணே, எங்கண்ணன் ஓட்டுறதப் பாத்தீகளா? தவக்களை போற மாதிரில்ல இருக்கு."

"வாய மூடுடி. டெல்லிக்குப் போறவன்லாம் இப்பிடித்தான் ஓட்டுவான். என்ன மாப்ள?"

"ஆமாம்" என்றேன்.

பத்தாவது வாரம் முட்டியில் பச்சிலைக் கட்டோடு வகுப்புக்கு வந்தான். ஓட்டாமல் இருக்கலாமா என்று கேட்டான். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். பதினான்காவது வாரம், நான் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூன்று முறை தொண்டையைச் செருமினான்.

"முட்டி போச்சு மாப்ள. என்னால முடியாது."

நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். வருத்தம் உண்மையாகவும் இருந்தது.

"அதுக்காக நீ நிக்கக் கூடாது. நீ போ. நம்ம ரெண்டு பேருக்குமா சேத்துப் போயிட்டு வா."

இதை நான் யோசித்திருக்கவில்லை.

காந்தி ஜெயந்தி அன்று ஊரே வந்து எனக்கு மாலை போட்டது. செல்லத்தாய் ஹாண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டினாள். முத்திருளன் நொண்டிக்கொண்டே தெருமுனை வரை வந்து கையாட்டினான். நான் நகரைச் சுற்றித் திண்டுக்கல் ரோட்டைப் பிடித்துப் பரவை வரை போனேன். அங்கே காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரே டீ குடித்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகப் பூட்டிய வண்டி. பிறகு திரும்பிவிட்டேன்.

"நீ இல்லாம போக மனசு வரலைடா" என்றேன்.

அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். வகுப்பில் மறுபடியும் கைதட்டினார்கள். தன் முட்டியால் என் டெல்லிப் பயணம் கெட்டது என்று எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டான். நான் அவனை மன்னித்துவிட்டேன்.

ஜனவரியில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்கு அவனுக்குக் கடிதம் வந்தது. வயது வரம்புக்குள் அதுதான் கடைசி வாய்ப்பு. காந்தி ஜெயந்தியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததால் முட்டி நன்றாகிவிட்டிருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான், நானே பார்த்தேன். ஆனால் அதை அவன் நம்பவில்லை.

"ஓடலாமா மாப்ள? நீ சொல்லு."

ஓடித் தேறிவிட்டால், அப்போது முட்டிக்கு என்னதான் வந்தது என்று யாராவது கேட்பார்கள். "வேண்டாம்டா. அப்புறம் ஆயுசுக்கும் நொண்டுவே" என்றேன். அவன் போகவில்லை. இப்போது பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான். பி.காமையும் விட்டுவிட்டான். மூட்டை தூக்குவதற்கு முட்டி ஒத்துழைக்கிறதா என்று வாராவாரம் விசாரிக்கிறேன்.

ஆக, செல்லத்தாயின் கேள்விக்கு விடை இதுதான். அந்தக் கோடுகளை நான்தான் கீறினேன். அவன் முட்டியையும் வேலையையும் கெடுத்தது நான்தான். திரும்பப் படித்துப் பார்த்தேன், எழுத்தில் மிகை எதுவும் இல்லை.

எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. முழுவதையும் ஒரே நாளில் கொடுத்தால் அந்தப் பெண் தாங்க மாட்டாள். ஆகவே சனிக்கிழமைக்கு ஒரு பக்கமாகக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். மறைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் யாருக்கும் வலிக்காது.