கிணற்றடியில் நின்றவர்கள்

"செல் வருது! படுங்கோ!"

படுக்கிறேன். சைக்கிள் என் மேல் விழுகிறது. அரிசிச் சாக்கு கிழிகிறது. முதலில் தூரத்தில் பீரங்கியின் ஒரு குத்து. பிறகு கூவல். கூவல் நின்றால் தலைக்கு மேல் என்று அர்த்தம். நின்றது.

மாசி மாதம். வியாழக்கிழமை. வெயில் ஏறவில்லை. வன்னியில் எங்கள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது.

இதை இப்போது அமெரிக்காவில், சுகர் லேண்டில், என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக எங்கள் ஊர்ச் சங்கம் ஊர் வரலாறு என்று ஒரு வீடியோ எடுக்கிறது. செயலாளர் ரமணன், எங்கள் ஊர்ப் பொடியன்தான், வேலைக்குப் போகும் வழியில் ஃப்ரீவேயில் இருந்து போன் எடுத்தான். "அக்கா, கோயில், குளம், கிணறு, அதுகளைச் சொல்லுங்கோ. செல்லடி வேண்டாம். சின்னப் பிள்ளையள் பயந்திடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

சரி. கிணற்றையே சொல்கிறேன். கோயில் கிணறு. கருங்கல் கட்டு. கோடையிலும் வற்றாது. ஊரை விட்டுப் போகிறவர் அதில் ஒரு மிடறு குடித்துவிட்டே போக வேண்டும். குடித்தவர் திரும்பி வருவார் என்பது ஐதீகம். கல்யாணமாகிப் போன பெண்கள் குடித்தார்கள். ரமணனும் குடித்துவிட்டுத்தான் பிளேன் ஏறினான்.

அன்றைக்கு ஊரே போகிறது. அதனால் ஊரே கிணற்றடியில் நிற்கிறது. மேலே வேவு விமானம் வண்டு மாதிரி இரைகிறது. சனம் கூடினால் செல் வரும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குடிக்காமல் ஒருவரும் நகரவில்லை. பாழாய்ப்போன வழக்கம். அன்றைக்கு மட்டும் அதை விட்டிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அதில்தான்.

என் தங்கச்சி செம்பை எடுத்தாள். "நீ சைக்கிளைப் பிடி. நான் உனக்கும் கொண்டுவாறன்."

மூன்று விழுந்தன. இரண்டு வயலில். ஒன்று கிணற்றடியில். பிறகு சத்தமே இல்லை. வாய்கள் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புதைக்க நேரம் இல்லை. பாய்களால் மூடினோம். நடந்தோம்.

ரமணனைத் திரும்பக் கூப்பிட்டேன். "செத்த ஆக்களின்ர பேரைப் போடு. இல்லாட்டி அந்தக் கிணற்றையும் வீடியோவில இருந்து தூக்கு."

அவன் காரை ஓரங்கட்டினான். இன்டிகேட்டர் டிக் டிக் என்றது. "சொல்லுங்கோ அக்கா. ரெக்கோட் பண்ணுறன்."

சொன்னேன். போனது வீடு. வயல். என் வலது காது. ஒன்பது உயிர். பூசகர் ஐயா. அவர் மனைவி. தபால்காரர் செல்லையா. அவருடைய இரண்டு மகன்கள். பரமேசு. அது ரமணனுடைய பெரியம்மா. தையல்காரி புவனா. அவள் இடுப்பில் இருந்த பிள்ளை. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எட்டுப் பேர் ஆயிற்று.

ஒன்பதாவது, செம்பை எடுத்துப் போனவள். அந்தப் பெயருக்கு எனக்கு வாய் வரவில்லை. ரமணனே சொன்னான்.

"வதனி."