ஓனர் டீ

டீ நான் நன்றாகப் போடுவேன். எங்கள் நார் மில்லில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அய்யா. ஒருவரையும் நான் அதட்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

பொள்ளாச்சி ரோட்டில் நானும் என் தம்பி கதிர்வேலும் சேர்ந்து நடத்திய மில். தேங்காய் மட்டையை பெல்ட் இழுத்துப்போய், அடித்து நாராக்குகிற டிரம்முக்குள் தள்ளும். பெல்ட் நெடுகிலும் சிவப்புக் கயிறு கட்டியவன் தம்பிதான். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், மிஷின் நின்றுவிடும், காரணம் கேட்கமாட்டோம் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான். நானும் கை தட்டினேன்.

முதலில் இழுத்தவர் பாலுசாமி. சத்தம் வேறு மாதிரி கேட்டதாம். பிரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. நான் திட்டவில்லை. என் நாற்காலியை பெல்ட் பக்கத்தில் போட்டு, அவரை உட்காரவைத்து, என் கையாலேயே டீ கொடுத்தேன்.

“ஏனுங்க பாலுசாமி, உடம்புக்கு முடியலீங்களா? மெதுவாக் குடிங்க. நீங்க குடிச்சு முடிச்சப்பறம் ஓட்டிக்கலாம். எல்லாரும் நிக்கட்டும், அதனால என்னங்க.”

எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவர் சுடச்சுட ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். அடுத்து இழுத்தவர்களுக்கும் அதே மரியாதைதான். “இன்னிக்கு ஓனர் டீ யாருக்குங்க?” என்று ஆட்கள் கேலி பேசிக்கொண்டார்கள். பிறகு கயிற்றில் நார்த்தூசி படிந்தது.

“கயித்த அறுக்காமயே அறுத்துப்போட்டீங்கண்ணா” என்றான் தம்பி.

“டீதானே கண்ணு குடுத்தேன்” என்றேன்.

ஒரு நாள் டிரம் வாயில் சிக்கிய மட்டையை எடுக்கத் தம்பியே போனான். மிஷினை நிறுத்தவில்லை. கட்டியவனுக்கே அந்தக் கயிற்றைத் தொடக் கூச்சம் வந்துவிட்டது போல. தோள் துண்டு பெல்ட்டில் மாட்டியது. கயிற்றுக்குப் பக்கத்தில் பாலுசாமி நின்றார். கையைத் தூக்கினார். தூக்கியபடியே, ஆபீஸ் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

ஒரு தலையசைப்பு போதும். ஆனால் அசைத்தால், அதுவரை கொடுத்த டீயெல்லாம் எதற்கு என்று அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். தம்பி எப்படியாவது துண்டை உதறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பாலுசாமி தானாகவே இழுத்தார். மிஷின் நின்றபோது தம்பி இல்லை.

தம்பியின் காரியம் முடிந்து மில் திறந்த அன்று, பாலுசாமிக்கு டீ கொண்டுபோனேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை என்று தெரிய வேண்டுமல்லவா? அதே நாற்காலியையும் போட்டேன். உட்கார்ந்தார், டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

சர்க்கரை குறைந்துவிட்டதோ என்னவோ.