அருள்நாயகம் மாஸ்ரற்ரை பெப்ரவரி

இல்லைத் தம்பி, நான் வரமாட்டன். சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், வாசலிலையே நிண்டு சொல்லும். ம்... சரி, உள்ளை வாரும். கொரிடோரிலை நிண்டு கதைச்சால் முழு மாடிக்கும் கேக்கும். உதிலை இரும்.

விளங்குது. அருள்நாயகம் மாஸ்ரருக்கு எண்பது வயது, சேர்ச் ஹோலிலை விழா. மன்னாரிலை அவரிட்டைப் படிச்ச ஆராவது மைக்கிலை பேசவேணும். அதுக்கு மகன் நீர் வீடு வீடாய்த் திரியிறீர். மல்வேர்னிலையிருந்து வெக்ஸ்போர்ட்டுக்கு பஸ்ஸிலையோ வந்தனீர், இந்தச் சினோக் கொட்டுற குளிருக்கை? பாவந்தான். தேத்தண்ணி தரமாட்டன், குறை நினையாதையும்.

என்ன படிப்பிச்சவர் எண்டோ? உலகம். அதிலை பொய் சொல்லமாட்டன். காலமை பெல் அடிச்சவுடனை பேப்பரைப் பார்த்துக் கரும்பலகையிலை உலகச் செய்தி எழுதுவார். நாங்கள் எழும்பி நிண்டு சத்தமாய் வாசிக்கவேணும். நாப்பத்தெட்டாம் ஆண்டு பெப்ரவரி, எனக்குப் பதினொரு வயது. காந்தியைச் சுட்ட செய்தியோடை மாசம் பிறந்தது. அதை மாஸ்ரர் அழிச்சு அழிச்சு மூண்டு தரம் எழுதினவர், நான் கண்டனான். நாலாந் திகதி எங்கடை இலங்கைக்குச் சுதந்திரம்.

பொறும், அந்த நாலாந் திகதியைத்தான் சொல்லப்போறன்.

என்ரை தங்கச்சி அன்ரனெற். ஒன்பது வயது. உமக்குத் தெரியாது, நீர் அப்ப பிறக்கேல்லை. நல்ல குரல். பள்ளிக்கூடத்துச் சுதந்திர விழாவிலை வரவேற்புப் பாட்டு அவள்தான் பாட இருந்தவள். முதல் நாளே அவளுக்குக் குளிர் காய்ச்சல். அப்பு, எங்கடை தேப்பன், மீன்பிடிக்க வேறை கரைக்குப் போயிட்டார். விடிய உம்மடை அப்பர் வீட்டை வந்தார். அம்மா வாசலிலை நிண்டு மறிச்சவ. பிள்ளை நெருப்பாய்க் கொதிக்குது மாஸ்ரர், விடுங்கோ எண்டு கெஞ்சினவ. இண்டைக்கு நாடு பிறக்குது, காய்ச்சல் நாளைக்கு மாறும் எண்டார். படிச்ச மனிசன். அம்மா விலத்தி விட்டா.

கொடியேத்த அரசாங்கக் கச்சேரி ஒப்பீசிலையிருந்து பெரியவர் வரவேணும். ஆளைக் காணேல்லை. வெயில் உச்சிக்கு வந்திட்டுது, மணலிலை வரிசையாய் நிக்கிறம். அவள் என்ரை கையைப் பிடிச்சு, அண்ணா, இருக்கட்டோ எண்டாள். நான் போய்க் கேட்டன். வரிசை குழம்பும் எண்டார் உம்மடை அப்பர். பிறகு கார் வந்திது. அவள் பாடினாள் தம்பி, ஒரு வரியும் விடாமல் பாடினாள். கைதட்டு முடியேக்கை மணலிலை கிடந்தாள். மாஸ்ரர் பெரியவருக்கு மாலை போட்டுக்கொண்டு நிண்டார். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான். ரெண்டு நாள் கண் முழிக்கேல்லை. பிறகு... ஓம். அப்பு வந்து சேரமுதலே அடக்கம் பண்ணிப்போட்டம்.

இரும், எழும்பாதையும். நான் திரும்பிப் பள்ளிக்கூடம் போகேக்கை, காந்தியின்ரை சாம்பல் கரைச்ச செய்தி பலகையிலை கிடக்குது. மாசக் கடைசியிலை செக்கோசிலோவாக்கியாவிலை கம்யூனிஸ்ற்காரர் ஆட்சியைப் பிடிச்சிட்டினம். பம்பாயிலை கடைசி வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பல் ஏறிட்டுது. எல்லாத்தையும் சத்தமாய் வாசிச்சனாங்கள். அவளைப் பற்றி அந்த மனிசன் ஒரு சொல் சொல்லேல்லை. செத்த வீட்டுக்கும் வரேல்லை. அம்மா சாகுமட்டும் அந்தப் பள்ளிக்கூட ரோட்டாலை நடக்கேல்லை, சுத்திப்போய்த்தான் சந்தைக்குப் போறவ.

என்ன, வயது போனால் மறதி வருமோ? உம்மடை அப்பருக்கோ? சும்மா கதையாதையும். போன ஞாயிறு பூசை முடியப் படியிலை என்னைப் பிடிச்சு நிப்பாட்டி, அந்த மாசத்தை அப்பிடியே ஒப்புவிச்சவர். ஒரு திகதி பிசகேல்லை. பிறகு என்ரை தோளிலை தட்டி, கஸ்பர், அண்டைக்குப் பாடின பிள்ளை, உன்ரை தங்கச்சி, இப்ப எங்கை கலியாணம் கட்டி இருக்கிறாள் எண்டு கேட்டார்.

நான் படியாலை இறங்கி வந்திட்டன். அதுக்கு மறுமொழியை விழாவிலை சனத்துக்கு முன்னாலை சொல்லுறன். என்ரை பேரைப் போடும், வாறன். கேக் வெட்ட முதலோ, வெட்டினாப் பிறகோ கூப்பிடுவியள்?