மீனாள் அம்மாளுக்குச் சேரவேண்டிய கோப்பை

“யக்கா, ரெண்டு நட்சத்திரக் கூட்டம் மோதுனா உள்ள இருக்குறதெல்லாம் நொறுங்கித்தானே போகும்? இந்தப் படத்துல புதுசு புதுசாப் பொறக்குதே, எப்புடி?”

ஏழாண்டுகளுக்கு முன் நம் கல்லூரியின் அறிவியல் கண்காட்சியில், நாச்சியாபுரத்துப் பள்ளி மாணவி ஒருத்தி, இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதும் படத்தைக் காட்டி உங்களிடம் கேட்ட கேள்வி இது. பதில் சொல்லவேண்டிய ஆசிரியர்களாகிய நாங்கள் அத்தனை பேரும், சிறப்பு விருந்தினரை வரவேற்கப் பொன்னாடையோடு வாசலில் நின்றோம். இயற்பியல் கூடத்தில் இருந்தது நீங்களும் உங்கள் வாளியும்தான்.

கண்ணாடி வில்லைகளைக் கண்போலக் காத்தவரே! முப்பத்தோராண்டில் ஒரு முப்பட்டகம்கூட உடையாமல் பார்த்துக்கொண்ட பொறுமையே! எங்கள் மீனாள் அம்மாளே! அன்று தரை துடைத்துக்கொண்டிருந்த மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நீங்கள் சொன்னதை, விருந்தினரோடு உள்ளே வந்த நாங்களும் கேட்டோம்.

“தேரு பாக்க ரெண்டு தெருச் சனமும் எதிரெதிரா வந்தா வீடா இடியுது? ஆளுகதானே நசுங்குறாக. நட்சத்திரமெல்லாம் வீடு மாதிரி, தள்ளித் தள்ளி நிக்கும், மோதாது. நடுவுல கெடக்குற வாயுதான் சனம். அது நெருக்குப்பட்டு, குளுந்து, கட்டியாத் தெரண்டு, ஒரே சமயத்துல ஏகப்பட்ட நட்சத்திரமாப் பொறக்கும்.”

“எல்லாக் கூட்டத்துலயும் பொறக்குமாக்கா?”

“ஆளே இல்லாத தெருவுல தேரு போனா யாருடி நசுங்குவா? வாயு வத்திப்போன கூட்டத்த எம்புட்டு நெருக்குனாலும் ஒண்ணும் பொறக்காது.”

விருந்தினர் சிரித்துவிட்டார். “இவுகளுக்கு யாரு இம்புட்டுத் தெளிவாச் சொல்லிக் குடுத்தீக?” என்றார்.

“நாங்கதாங்கய்யா,” என்றார் பேராசிரியர் கோபிநாத். எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை. மாலையில், சிறந்த கூடத்துக்கான கோப்பை எங்கள் துறைக்கு வந்தது.

நாங்கள் உங்களுக்கு ஒரு வரிகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை அம்மா. வகுப்பு நடக்கையில் தாழ்வாரத்தில் நின்று கேட்டதும், மாணவிகள் வீசியெறிந்த ரெக்கார்டு நோட்டுகளின் வெற்றுப் பக்கங்களில் எழுதிவைத்ததும் நீங்கள். அந்தக் கோப்பையைக் காலைதோறும் தூசி தட்டி வைத்ததும் நீங்களே.

உங்கள் பணிநிறைவு விழாவில் இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் அதே கோபிநாத்தான். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. சொல்லிவிட்டோம், ஏழாண்டாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இன்றிரவு நாங்கள் நன்றாகத் தூங்குவோம். கோப்பையில் உங்கள் பெயரைப் பொறித்தாயிற்று.

கோட்டையூர் வீட்டில் நோயின்றி, நோட்டும் பேனாவுமாக நூறாண்டு இருங்கள். அன்று பரிசளிப்பு மேடையில் உங்கள் பெயர் வருமென்று கடைசிவரை கதவோரம் நின்றீர்கள். வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனீர்கள். இன்றும் பேசாமலே போகலாம் அம்மா. கோப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்தும் நிம்மதியோடும்,
இயற்பியல் துறையினர், காரைக்குடி