கீழ்த்துளிர்

எனக்குச் செடி என்றால் உயிர். ஓர் இலை வாடினாலும் சோறு இறங்காது. எங்கள் நாற்றுப்பண்ணையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் ஓரகத்திக்கும் செடி பிடிக்கும். கூடவே படிப்பும் ஜாஸ்தி. காட்டு முருங்கை வேரில் நல்ல முருங்கைக் குச்சியை ஒட்டுக் கட்டினால், அந்த முரட்டு வேர் மண்ணிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்சி இலைக்கு ஏற்றும் என்றாள். சத்துமாவுக் கம்பெனிக்காரர்கள் ஒரு பாத்தி இலையைப் பொடித்து அனுப்பச் சொன்னார்கள். சோதனையில் தேறினால் பண்ணைச் சாவி அவளுக்குத்தான் என்று மாமனார் சொல்லிவிட்டார். அதுவரை அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் முகம் சுளிக்கவில்லை.

ஒட்டுச் செடியில் ஒரு தொல்லை உண்டு. கட்டுக்குக் கீழே வேர்ச்செடி தன் துளிரை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கிள்ளாவிட்டால் மேலே ஒட்டியது பட்டினி கிடக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கீழ விடுற துளிர மட்டும் கிள்ளிடுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

"நீ நல்லபடியா பெத்துட்டு வா. கிள்ளுறது என் பொறுப்பு."

கிள்ளினேன். கீழே அல்ல, மேலே. அவள் ஒட்டிய குச்சி ஒவ்வொன்றையும் ஒடித்துவிட்டுக் கீழ்த்துளிரை வளர்த்தேன். யாரும் வாயில் வைக்காத காட்டு இலையில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது என்பது என் கணக்கு. நானே பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, அவள் பெயரிலேயே அனுப்பினேன். பிறகு புழு விழுந்துவிட்டதென்று செடிகளைப் பிடுங்கி எரித்தேன். தாய்வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுக் கைக்குழந்தையோடு வந்தவள் காலிப் பாத்தியைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள், பாவம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பொடியில் இரும்பு எக்கச்சக்கம் என்று முடிவு வந்தது. காட்டு இலையிலேயே அவ்வளவும் இருந்து தொலைத்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? சாவி கைமாறியது. கம்பெனி ஒரு லாரி ஒட்டுச் செடி கேட்டது. அதே சத்து இல்லையென்றால் இந்தப் பண்ணைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்றும் கறாராகச் சொன்னது.

அவள் மறுபடி ஒட்டுக் கட்டினாள். அந்தப் புதுச் செடிகளில் ஒரு பிடி இலையைப் பறித்து ரகசியமாகச் சோதிக்கக் கொடுத்தேன். பாதிச் சத்துகூட இல்லை. வேர் எதுவானாலும் இந்த இலை தன் குணத்தை விடுவதாக இல்லை. அவளுக்கு இது தெரியாது. கேட்டால்தானே சொல்வதற்கு?

நாளைக் காலை லாரி கிளம்புகிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கீழ்த்துளிரெல்லாம் கிள்ளிட்டீங்களாக்கா?"

"ஒண்ணு விடாம."

உண்மைதான். இந்த முறை அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன். இதற்கும் என்னைக் குறை சொன்னால், ஒருத்தி எப்படித்தான் நல்லவளாக இருப்பது?