ஐந்து மிருகங்களின் கவசம்

என் தம்பி உருளைக்கிழங்குச் சிப்ஸைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துத்தான் சாப்பிடுவான். விரலில் எண்ணெய் பட்டால் கேம் கருவியின் பொத்தான் வழுக்குமாம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அதற்கென்றே சின்னதாக ஒரு ஜோடி குச்சி நானே வாங்கிக் கொடுத்தேன். அவன் விஷயத்தில் நான் எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை, ஒரிஹாரா அம்மா. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அவனுக்காக நகராட்சியிலிருந்து நீங்கள் வருவது இது நான்காவது முறை. மாடியறைக் கதவு முன்னால் மண்டியிட்டு அரைமணி நேரம் பேசுகிறீர்கள், பதில் வராமல் இறங்கி வருகிறீர்கள். இன்றைக்குத்தான் உருப்படியான கேள்வி கேட்டீர்கள், இந்தப் பதினொரு வருடத்தில் நடுவில் எப்போதாவது அவன் வெளியே போய்வந்தானா என்று. போய்வந்தான். பதினான்கு மாதம், சனிக்கிழமை தவறாமல். அது எப்படி நின்றது என்பதையும் சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் மெல்லப் பேசுவோம், அவ்வளவுதான்.

நாகோயாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தோமொஹாரு வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. அங்கே ஒரு மேலதிகாரி தினமும் காலையில் எல்லார் முன்னாலும் அவனை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். வந்தவன் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு அப்பா போனார், அடுத்த வருடம் அம்மா போனாள். இரண்டு சாவுக்கும் அவன் கீழே இறங்கவில்லை. எனக்குக் கனஸாவாவில் ஒரு வரன் முடிவாகியிருந்தது. தம்பியை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவது என்று நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை, மற்ற நேரம் அவன். ஏழு வருடம் அப்படி ஓடியது.

அப்புறம் அந்த வேட்டை விளையாட்டு வந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் கருவி. நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவரவர் திரையில் ஒரே மிருகத்தைத் துரத்தலாம். கொன்ற மிருகத்தின் தோல், கொம்பு, செதிலைக் கொண்டு தலைக்கு, மார்புக்கு, கைக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று ஐந்து கவசம் செய்து மாட்டிக்கொள்ள வேண்டும். விழுவது மட்டும் பொது. நான்கு பேரில் யார் விழுந்தாலும் மூன்றாவது தடவையோடு எல்லாருக்கும் வேட்டை முடிந்துவிடும். இதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். ஏழு வருடத்தில் அவன் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை.

எங்கள் தகஓகா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடைத்தொகுதியின் மூன்றாவது மாடி உணவுக்கூடத்தில், சனிக்கிழமை மதியம் மூன்று பேர் ஆடுவதாகவும் நான்காவது ஆள் வேண்டுமென்றும் இணையத்தில் பார்த்திருக்கிறான். ஒருநாள் சட்டை மாற்றிக்கொண்டு கீழே வந்து, "அக்கா, கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்" என்றான். நான் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். தூண் மறைவில் ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன்.

அதற்குப் பிறகும் பலமுறை அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறேன். மூவரில் மூத்தவர் சகுமா, பித்தளை வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர். நொஜிரி என்ற பெண் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இகராஷி டாக்ஸி ஓட்டுகிறார். மூவருக்கும் பெரிய பெரிய வாள்கள். என் தம்பி மட்டும் கொம்பு ஊதுகிறவன். அவன் ஊதினால் மற்றவர்களின் காயம் ஆறும். அதற்காக ஐந்து வெவ்வேறு மிருகங்களிலிருந்து ஐந்து கவசம் தேர்ந்தெடுத்து மாட்டியிருந்தான். ஒன்றுக்கொன்று நிறமே சேராது, பார்க்கப் பிச்சைக்காரன் மாதிரி இருக்கும்.

"ஏன்டா ஹாரு, இன்னிக்கு எந்தக் குப்பைத்தொட்டில பொறுக்கின சட்டை இது?" என்றார் சகுமா.

"போன வாரம் ரெண்டு தடவ செத்தீங்களே அண்ணே, மூணாவது தடவ உங்களக் காப்பாத்தினது இந்தச் சட்டைதான்."

"அவனச் சீண்டாதீங்க. ஊதுறத நிறுத்திட்டான்னா நாம மூணு பேரும் அம்போதான்" என்றாள் நொஜிரி.

தம்பி சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உதோனை மட்டும் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரியில், சாப்பிடும்போது சொன்னான். "அக்கா, சகுமா அண்ணன் ஏப்ரல்லருந்து பட்டறைக்கு வரச் சொல்றாரு. மணி, குவளையெல்லாம் வார்த்ததும் மெருகு போடணும். உன் கை நிதானமான கைடான்னாரு. பட்டறைக்கு மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்காம். அங்கயே தங்கிக்கலாம்."

"நல்லதுதானே" என்றேன்.

"நீயும் எத்தன நாளைக்குத்தான் எனக்கு வடிச்சுக் கொட்டுவ? இனிமேயாவது உன் வாழ்க்கையப் பாருக்கா."

அன்பாகத்தான் சொன்னான். நாற்பத்தேழு வயதில் எந்த வாழ்க்கையைப் பார்ப்பது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தேன்.

நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். சகுமா என்னதான் நல்லவராக இருந்தாலும் முதலாளி. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் முகத்தைக் காட்டுவார். நாகோயாவில் உடைந்தவன் இங்கே இன்னொரு முறை உடைந்தால் யார் பொறுக்கி எடுப்பது? நான்தான். அதற்கு முன்பே தடுப்பதுதான் விவேகம் என்று பட்டது. அந்த வாரமே மின்பொருள் கடையில் அவன் கருவிக்குள் இருப்பதைப் போலவே ஒரு மெமரி கார்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். எப்போது மாற்றுவது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

அதைச் சகுமாவே முடிவு செய்து கொடுத்தார். தம்பியின் கருவியில் ஒரு குமிழ் ஆடிக்கொண்டிருந்தது. சரிசெய்து தருகிறேன் என்று சனிக்கிழமை வாங்கிப் போனவர், செவ்வாய்க்கிழமை பட்டறை முடிந்து வீட்டு வாசலில் வந்து நின்றார். தம்பி குளியலறையில் இருந்தான்.

"குளிக்கட்டும், கூப்பிட வேணாம். இதக் குடுத்துருங்கக்கா. போட்டு ஆடிப் பாத்துட்டேன், சும்மா பறக்குது."

கருவியின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி உண்டு. அவன் ஆடிய ஆயிரத்து முந்நூறு மணி நேரமும் அந்த ஐந்து கவசமும் அதற்குள் இருந்த கார்டில்தான் இருந்தன. அதை உருவிவிட்டு வெற்றுக் கார்டைச் செருகினேன். அவன் தலையைத் துவட்டியபடி வந்தபோது நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கருவியைப் போட்டதும் திரை அவனிடம் பெயர் கேட்டது, புதிதாக வந்தவனிடம் கேட்பதுபோல. அவன் நெடுநேரம் அதையே பார்த்தான்.

"அக்கா, சகுமா அண்ணன் குடுக்கறப்ப ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலயே. என்னாச்சு?"

தொலைபேசியில் சகுமாவிடம் விஷயத்தை மட்டும் சொன்னான். குற்றம் சாட்டுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. மறுநாளே சகுமா இனிப்புப் பெட்டியோடு வருவார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் கையில் இருந்த பொருள் கெட்டுப்போனால், கெடுத்தது யார் என்று நாம் ஆராய்வதில்லை. கையில் வைத்திருந்தவர் வந்து தலைகுனிய வேண்டும், அதுதான் மரியாதை. சகுமா அந்த மரியாதையில் வளர்ந்தவர். வந்தார். வாசல் நடையின் கல்தரையிலேயே மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தார்.

"என் கைக்கு வந்துட்டுப் போன சாமான். எல்லாம் என் தப்புதான். மன்னிச்சுக்கச் சொல்லுங்கக்கா."

தம்பி மாடிப்படியின் மேலே நின்றுகொண்டிருந்தான். நான் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"நீங்களே வந்து ஒத்துக்கிட்டீங்களே, அதுவே போதும்" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன்.

சகுமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் மறுத்துப் பேசுவது அழகில்லை என்று நினைத்திருப்பார், மறுபடி குனிந்தார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தொலைந்தது கவசம் மட்டும் என்றால் அவன் முதலிலிருந்து செய்திருப்பான், பொறுமைசாலி. தன்னை அண்ணன் மாதிரி நடத்திய மனிதரே ஏதோ பொறாமையில் அழித்துவிட்டார் என்று நினைத்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "எங்க போனாலும் நாகோயாதான்கா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான். நான் இல்லையென்று சொல்லவில்லை. "அதான் அக்கா இருக்கேன்ல" என்றேன்.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. தபால் பெட்டியருகே நின்றபடியே பிரித்துப் படித்தேன். "ஹாரு, நாங்க மூணு பேரும் எங்க ஆட்டத்தையும் அழிச்சுட்டோம். வெறும் தோல் சட்டையோட முதல் ஊர்லயே நிக்கறோம். கொம்பு ஊத ஆளில்லாம காட்டுப்பன்னிகிட்டகூட அடி வாங்கறோம். உன் நாற்காலி அப்படியே இருக்கு. பட்டறை ரூமும் அப்படியே இருக்கு. எப்ப தோணுதோ அப்ப வா." கீழே மூன்று கையெழுத்து.

அன்றைக்கு நான் அழுதேன். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். கடிதத்தை அவனிடம் கொடுக்கவில்லை. அவன் மனது கலங்கியிருந்த நேரம், இதைப் படித்தால் இன்னும் கலங்கியிருப்பான். அவர்கள் இரண்டு வருடமாக இன்னும் சனிக்கிழமை வருகிறார்கள். காய்கறி வாங்கப் போகும்போது பார்க்கிறேன், நான்காவது நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதில்லை.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். ஏதோ கொலை செய்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்க வேண்டாம். மூன்று வேளையும் அவனுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போகிறது. குளிர்காலத்தில் அவன் மெத்தையை நான்தான் உலர்த்துகிறேன். அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது, இன்றுவரை ஒருநாள்கூட அவனைத் திட்டியதில்லை.

அந்தக் கார்டையும் நான் தூக்கி எறிந்துவிடவில்லை. அதற்கு மனசு வரவில்லை. பஞ்சில் சுற்றி, எங்கள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கு விழுந்த பல்லைப் போட்டுக் கொடுக்கும் குட்டி டப்பாவில் வைத்து, கடிதத்தோடு என் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவனுடைய பொருள் அவனுக்குத்தான். முதலில் அவனுக்குக் குணமாகட்டும். தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரட்டும். வந்த அன்றைக்கே கொடுத்துவிடுவேன்.