நான்காம் பாகத்துக்கான மூச்சு

எனக்கு மின்விசிறிச் சத்தம் ஆகாது ஐயா. இதைக் கொஞ்சம் நிறுத்தினால் நிதானமாகச் சொல்லிவிடுவேன்.

நன்றி. என் வேலை ஒலிப்பதிவு. நாலு மாடி உயர இயந்திர மனிதனுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டும் வீடியோ கேம் எங்களுடையது. மூன்று பாகங்கள் வந்துவிட்டன. சும்மா தாவிக் குதிக்கிற சமாச்சாரம் இல்லை. நாற்பது பொத்தான்களை வரிசை தப்பாமல் அழுத்தினால்தான் இயந்திரம் எழுந்தே நிற்கும். அது விழும்போது ஓட்டுநர் நெம்புகோலை இழுத்து வெளியே வந்துவிட வேண்டும். தவறினால் அவர் செத்தவர்தான். அத்தனை நாள் ஆடிய ஆட்டமும் அழிந்துபோகும். நிஜம் போல இருக்கும் என்பதுதான் எங்களுக்குப் பேர்.

நான்காம் பாகத்துக்கு, வெளியே வர முடியாத ஓட்டுநரின் மூச்சு தேவைப்பட்டது. நடிகர்கள் மூன்று பேர் மூச்சு வாங்கிக் காட்டினார்கள். பால் பாக்கெட் வாங்கப் போய் மாடியேறி வந்தவன் மாதிரி இருக்கிறது என்றார் மேலாளர். எனக்கு மானம் போயிற்று.

என் தங்கையின் கணவர் லிஃப்டில் ஏறமாட்டார். கதவு மூடினாலே வேர்த்துவிடும். ஆறாவது மாடிக்குப் படியேறித்தான் வருவார். வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்வோம். பத்தே நிமிடம், பொத்தானை அழுத்தினால் போதும் என்று அவரை எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். இயந்திரத்தின் ஓட்டுநர் அறை மாதிரியே, பொத்தான்களும் நெம்புகோலும் வைத்து, ஓர் ஆள் மடங்கி உட்கார மட்டும் இடம் விட்டு, காற்றுப் புகாமல் பஞ்சு ஒட்டி அடைத்த கூண்டு அங்கே இருக்கிறது. அதைப் பார்த்ததுமே அவர் முகம் வெளிறிவிட்டது.

"மச்சான், நீங்க வெளியதான இருப்பீங்க?" என்றார்.

"நான் எங்க போகப் போறேன் மாப்பிள்ளை?" என்றேன்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் நெம்புகோலை இழுத்தால்தான் கதவைத் திறப்போம். கத்தினால் திறக்க மாட்டோம்; கத்துவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். நெம்புகோலின் ஆணி தானாகக் கழன்றதாக எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள், காலையிலேயே நான் கழற்றிவிட்டேன். அது இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் நெம்புகோல் வேலை செய்யாது. உள்ளே காற்று அனுப்பும் விசிறியையும் நிறுத்தினேன். பதிவில் அது இரையும். எந்த ஒலிப்பதிவாளரும் நிறுத்துவார்.

நான்காம் நிமிடம் நெம்புகோலை இழுத்தார். மறுபடி மறுபடி இழுத்தார். கதவில் அடித்தார். "மச்சான், பயமா இருக்கு, தெறங்க" என்றார். நானும் பயந்தேன், மறைக்க மாட்டேன். கை தாழ்ப்பாள் வரை போனது. ஆனால் அவர் பேச்சு மூச்சின் மேல் விழுந்து பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பேசி ஓயட்டும் என்று காத்திருந்தேன்.

பதினேழாம் நிமிடம் பேச்சு நின்றது. அதன்பின் வந்த மூச்சை இருபது வருட வேலையில் நான் கேட்டதில்லை. ஒலி அளவைக் கொஞ்சம் கூட்டினேன். இருபத்திரண்டாம் நிமிடம் அதுவும் நின்றது. இன்னும் ஒரு நிமிடம் பதிவை ஓடவிட்டேன். வெட்டி ஒட்ட, கடைசியில் கொஞ்சம் அமைதி வேண்டும். பிறகுதான் திறந்தேன்.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவர் தனியாகச் சாகவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் கடைசி வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.